வானறிந்த வரலாறு – 17: இருக்கன்குடிக்கு நேர் மேலே

சென்ற பகுதியை, 1968-ல் ஜவ்வாது மலைக் காட்டில் 38 செ.மீ. தொலைநோக்கி கண் திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து அங்கே வானாய்வுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், பூமிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலே அமெரிக்க இராணுவத்தின் வேலா செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வானியலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. காற்றிலும் கடலடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதனை கூடாது என்று 1963-ல் ஒப்பந்தமாகியிருந்தது. சோவியத் நாடு அதை ரகசியமாக மீறுகிறதா என்று பார்ப்பதே அவற்றின் வேலை. அணுகுண்டு வெடித்தால் முதலில் கிளம்புவது காமாக் கதிர். அதற்காகவே காத்திருந்தன.

1967 ஜூலை 2. நம் நேரப்படி இரவு 7.49. வேலா கோள்களின் உணரிகள் ஒரு காமாக் கதிர் வீச்சைப் பதிவு செய்தன. அணுகுண்டின் தடம் அதில் இல்லை. பழைய பதிவுகளை வரிவரியாகப் புரட்டிக்கொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளெபசாடலும் ராய் ஓல்சனும் அதைக் கவனித்தது 1969-ல். பிறகு ஏவிய கோள்களில் கடிகாரம் இன்னும் துல்லியமாக இருந்தது. ஒரே வீச்சு ஒவ்வொரு கோளையும் எத்தனை நொடிப் பின்னம் முன்பின்னாகத் தொட்டது என்று கணக்கிட்டபோது, இது பூமியிலிருந்து வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று தெளிவாயிற்று. 1969 முதல் 1972 வரை பதிவான 16 வெடிப்புகளைத் தொகுத்து, இயன் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து அவர்கள் 1973 ஜூனில் கட்டுரையாக வெளியிட்டார்கள். காமாக் கதிர் வெடிப்பு என்று ஒன்று உண்டு என்பதே உலகத்துக்கு அப்போதுதான் தெரியும்.

எங்கிருந்து வருகிறது, எது வெடிக்கிறது என்ற கேள்விக்கு அடுத்த கால் நூற்றாண்டு விடை இல்லை. கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் அச்சேறின. சிக்கல் எளிமையானது: காமாக் கதிரை வில்லை வைத்துக் குவிக்க முடியாது, ஆகவே திசை சரியாகத் தெரியாது. சில நொடியில் முடிந்துவிடும் ஒரு மின்னல், வானத்தில் ஏதோ ஒரு பரந்த பகுதியில். அங்கே தொலைநோக்கியைத் திருப்பினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள். எதைச் சொல்வது?

1991-ல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கோளின் பாட்ஸே கருவி ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. நம் பால்வீதிக்குள் நடப்பவையாக இருந்தால் அவை வானத்தின் குறுக்கே ஓடும் அந்த வெண்பட்டையை ஒட்டிக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறிக் கிடந்தன. அப்படியென்றால் இவை பால்வீதிக்கு வெகு அப்பால் இருக்க வேண்டும் என்று போலந்து நாட்டவரான போதான் பச்சின்ஸ்கி ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருந்தார். பலர் நம்பவில்லை. அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு வெளிச்சமா என்பதே தடை.

1997 பிப்ரவரி 28-ல் அந்தத் தடை உடைந்தது. இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் கோள், வெடிப்பு முடிந்த சில மணி நேரத்தில் அதே இடத்தில் மங்கிக்கொண்டிருந்த எக்ஸ் கதிர்ப் புள்ளியைக் கண்டுபிடித்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அது தெரிந்தது. பின்னொளி என்று இதைச் சொல்கிறோம். அதே ஆண்டு மே மாத வெடிப்பு ஒன்றின் பின்னொளியை நிறம் பிரித்துப் பார்த்து, அது பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்தது என்று அளந்தார்கள். பச்சின்ஸ்கி சொன்னதே சரி.

எது வெடிக்கிறது என்பதற்கு முதல் சாட்சி 1998 ஏப்ரல் 25-ல் வந்தது. அன்றைய வெடிப்பு நடந்த திசையிலேயே, பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றில், ஒரு சூப்பர்நோவா தென்பட்டது. பெயர் 1998 பிடபிள்யூ. அதன் வானொலி அலைகளைப் பின்தொடர்ந்து, அங்கே பொருள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்ந்திருக்கிறது என்று காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்ரீநிவாஸ் குல்கர்னி, நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவர். ஐந்து ஆண்டு கழித்து, 2003 மார்ச் 29 வெடிப்பு எஞ்சிய சந்தேகத்தையும் தீர்த்தது. பின்னொளி மங்க மங்க, அதற்குள்ளிருந்து சூப்பர்நோவாவின் நிறமாலை மேலெழுந்து வந்தது. நீண்ட வகைக் காமாக் கதிர் வெடிப்பு, அதாவது இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பது, ஒரு பெரும் விண்மீனின் சாவு.

அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஸ்டான் வூஸ்லி 1993-ல் முன்வைத்து, பிறகு ஆண்ட்ரூ மக்ஃபேடியனோடு கணினியில் ஓட்டிப் பார்த்த சித்திரம் இது. சூரியனைப் போல இருபது முப்பது மடங்கு நிறையோடு பிறந்த விண்மீன் ஒன்று. தன் வெளிப்புற ஹைட்ரஜனை ஏற்கெனவே காற்றாக ஊதித் தீர்த்துவிட்டது. உள்ளே எரிபொருள் படிப்படியாகக் கனக்கிறது: ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன். கடைசியாகச் சிலிக்கன் எரிந்து தீர ஒரு நாள் போதும். இரும்பு மிஞ்சுகிறது. இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. தாங்குவதற்கு எதுவும் இல்லாத கரு, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தனக்குள்ளேயே சரிந்து, கடைசியில் கருந்துளை ஆகிறது. விண்மீன் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால் எஞ்சிய பொருள் நேரே உள்ளே விழ முடியாமல் தட்டு போலச் சுற்றும். அந்தத் தட்டின் இரு துருவங்கள் வழியாகவும் பொருள் பீறிடுகிறது.

சிவகாசிப் பக்கத்தில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. மருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தால் சுற்றிலும் பரவி எரிந்து அடங்கும். அதையே குழாயில் இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் வாய் விட்டால், மொத்தச் சக்தியும் அந்த வாய் வழியாக ஒரே திசையில் சீறும். சாகும் விண்மீனின் உடலே இங்கே குழாய். ஒளியின் வேகத்தில் 99.99 விழுக்காட்டுக்கும் மேலான வேகத்தோடு கிளம்பும் அந்தத் தாரை, விண்மீனைத் துளைத்து வெளியேறச் சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் காமாக் கதிராகப் பொழிகிறது. தாரையின் அகலம் சில பாகைதான். அது நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் மட்டுமே நமக்குத் தெரியும். பெரும்பாலானவை வேறெங்கோ பார்த்துச் சீறிவிட்டு அடங்குகின்றன.

இப்படித் தாரையாகத்தான் சீறுகிறது என்று எப்படித் தெரிந்தது? இந்த இடத்தில்தான் நம் மலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1999 ஜனவரி 23 வெடிப்பு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியது என்று வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ இரண்டு சூரியன்களின் நிறை முழுவதும் ஆற்றலாக மாறியிருக்க வேண்டும். ஒரு விண்மீனின் சரிவால் இதைக் கொடுக்க முடியாது. தாரையாக இருந்தால் கணக்கு நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்து இயல்புக்கு வரும். தாரை என்பதற்கு அடையாளம் பின்னொளி மங்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் ஒரு சீரான வேகத்தில் மங்கும். தாரை வேகம் குறைந்து அதன் விளிம்பு நம் பார்வைக்குள் வந்ததும், மங்கும் வேகம் சட்டென்று கூடும். வரைபடத்தில் அங்கே ஒரு முறிவு தெரியும். அந்த முறிவு வந்த நாளைக் கொண்டு தாரையின் அகலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு வரைபடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. இரவு பகலாக யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூமியோ சுழல்கிறது. ஆப்பிரிக்கக் கரையோரம் கனேரித் தீவுகளில் ஐரோப்பியர்களின் தொலைநோக்கிகள் உண்டு. கிழக்கு ஆஸ்திரேலியாவில் உண்டு, பசிபிக்கின் நடுவே ஹவாயில் உண்டு. கனேரித் தீவுகளுக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நட்ட நடுவே இருக்கிறது இந்தியாவின் தீர்க்கரேகை. இங்கே யாரும் விழித்திருக்கவில்லை என்றால் உலகத்தின் பதிவில் தினமும் பல மணி நேரம் இருட்டு. காமாக் கதிர் வெடிப்புகளின் வரலாற்றை எழுதும் புத்தகங்கள் லாஸ் அலமோஸைச் சொல்லும், ஆம்ஸ்டர்டாமைச் சொல்லும், ஹவாயைச் சொல்லும். இந்த நடு இடத்தைச் சொல்வதில்லை. எனக்கு அதில் ஆதங்கம் உண்டு. இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

1999 ஜனவரி வெடிப்பின் பின்னொளியை நைனிதாலின் 104 செ.மீ. தொலைநோக்கியில் ராம் சாகரும் அவரது குழுவும் பின்தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் முறை.

2000 மார்ச் 1, நம் நேரப்படி பிற்பகல் 3.21-க்கு ஒரு வெடிப்பு. இரண்டே நொடி. நீண்ட வகைக்கும் குறுகிய வகைக்கும் எல்லைக்கோட்டில் நின்றது, ஆனால் பின்னொளியின் போக்கு நீண்ட வகையைப் போலவே இருந்தது. வெவ்வேறு விண்கலங்கள் பதிவு செய்த நேர வித்தியாசத்தைக் கொண்டு, வடமுடி விண்மீன் கூட்டத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அதன் இடத்தைச் சுருக்கினார்கள். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அந்தத் திசைக்குத் திரும்பியது. உலக நேரப்படி மார்ச் 2 முதல் 4 வரை, எஸ். ஜி. பார்கவியும், அப்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ரமாநாத் கௌசிக்கும் பல நிற வடிகட்டிகள் வழியாக அதன் ஒளியை அளந்தார்கள்.

அந்த இரவுகளைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கிறேன். மாசி மாதம், தேய்பிறை, அமாவாசைக்குச் சில நாளே இருந்தது. காவலூருக்கு இரண்டு பருவமழையும் தொந்தரவு. ஆண்டின் தொடக்க மாதங்களே அங்கே நல்ல வானம். அந்த வாரத்தில்தான் சிவராத்திரியும் வந்தது. எங்கள் கரிசல் சீமையில் சிவராத்திரி என்றால் குலசாமி கோயிலுக்கு ஊர் ஊராக வண்டி கட்டிப் போய் இரவெல்லாம் விழித்திருப்பது. வடமுடிக் கூட்டம் அந்த மாதத்தில் கிழக்கே எழும்பவே நள்ளிரவை நெருங்கிவிடும். நன்றாக மேலே வந்து தொலைநோக்கிக்கு வாகாக நிற்பது பின்னிரவில். பின்னொளி அப்போது ஏறக்குறைய இருபதாம் பருமன். வெறும் கண்ணால் பார்க்க முடிகிற கடைசி மங்கல் விண்மீனைவிட லட்சம் மடங்குக்கும் மேல் மங்கியது. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. சூரியனும் பூமியும் அப்போது கிடையாது.

அந்த ஒளியை வாங்கிய கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணாடிக் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து, குழிவாக்கி, மெருகேற்றியது பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். பாப்பு 1982-ல் மறைந்துவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. 1986 ஜனவரி 6-ல் தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டினார்கள். பதினான்கு ஆண்டு கழித்து, அவர் வாழ்ந்த காலத்தில் இன்னதென்றே தெரியாதிருந்த ஒரு நிகழ்வின் ஒளி அதில் வந்து விழுந்தது.

காவலூர் அளவுகளை மற்ற நாட்டுப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பின்னொளி சீராக மங்கவில்லை என்று தெரிந்தது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மறுபடி மெதுவாக என்று ஏற்ற இறக்கத்தோடு இறங்கியது. நான்காம் நாள் வாக்கில் ஒரு மேடு. வழியில் குறுக்கிட்ட ஒரு விண்மீனின் ஈர்ப்பு அந்த ஒளியைச் சற்று நேரம் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்று கார்னவிச், லோப், ஸ்டானெக் ஆகியோர் ஒரு விளக்கம் தந்தார்கள். தாரையின் மோதலிலேயே மேடுபள்ளம் வரலாம் என்றார்கள் வேறு சிலர். ஏழெட்டு நாள் கழித்து, தாரைக்கு அடையாளமான அந்த முறிவும் வந்தது. பார்கவி, கௌசிக் இருவரின் கட்டுரை அதே 2000-ல் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் லெட்டர்ஸ் இதழில் வெளியானது. அதே பின்னொளியை நைனிதாலும் அளந்திருந்தது. இந்த இரண்டு மலைகளின் இரவுகள் இல்லாவிட்டால் அந்த வரைபடத்தின் தொடக்கப் பகுதியில் ஓட்டைகள் கூடியிருக்கும்.

வாய்ப்பு நம் பக்கம் வராத நாள்களும் உண்டு. 2008 மார்ச் 19 வெடிப்பின் ஒளி 750 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தும், சில நொடி நேரம் வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அளவுக்குப் பிரகாசித்தது. அதற்கு முன் அவ்வளவு தொலைவிலிருந்து எதுவும் அப்படித் தெரிந்ததில்லை. நமக்கு அப்போது பகல் 11.42. அது நடந்த திசையோ அடிவானத்துக்குக் கீழே. அன்று அதிகாலையில்தான் கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் காலமாகியிருந்தார். அந்த வெடிப்புக்கு அவர் பெயரை வைக்கலாமே என்று சிலர் கேட்டதுண்டு.

காமாக் கதிர்கள் காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராதவை. பின்னொளியைத் தரையில் பிடிக்கலாம், வெடிப்பையே பிடிக்க வேண்டுமென்றால் மேலே போக வேண்டும். 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அஸ்ட்ரோசாட் ஆய்வுக்கோளைத் தூக்கிச் சென்றது. அதிலிருந்த காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு கருவியை அக்டோபர் 6-ல் இயக்கினார்கள். இயக்கிய அன்றே ஒரு காமாக் கதிர் வெடிப்பு பதிவானது. ஏ. ஆர். ராவ் தலைமையில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தினரும் மற்ற நிறுவனத்தினரும் உருவாக்கிய கருவி அது. நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலில் கதிர்கள் அதன் சுவர்களையே ஊடுருவிவிடும், ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து வெடிப்பு வந்தாலும் அகப்படும். 2022-க்குள் 500 வெடிப்புகளைத் தாண்டியது. எண்ணிக்கையைவிட முக்கியம், பிரகாசமான சிலவற்றின் கதிர்கள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதை அது அளந்தது. தாரைக்குள் காந்தப்புலம் எப்படி இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசிப் பௌர்ணமி. தீபாவளிக்கு 15 நாள் இருந்தது. எங்கள் கரிசல் சீமையின் இருக்கன்குடியில் சூரியன் மறைந்து நாற்பது நிமிடம் கடந்து, மணி 6.47. உச்சியில் திருவோண மீனுக்கும் அபிஜித்துக்கும் இடைப்பட்ட வெளியில், அடிவானத்திலிருந்து எழுபத்தேழு பாகை உயரத்தில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் மாரியம்மன் கோயிலுக்கு ஏறக்குறைய நேர் மேலே, மனிதர் இதுவரை பதிவு செய்த காமாக் கதிர் வெடிப்புகளிலேயே பிரகாசமானது நிகழ்ந்தது. 190 கோடி ஆண்டு கடந்து வந்த ஒளி. பூமியின் இந்த முகம்தான் அப்போது அதை எதிர்கொண்டு நின்றது.

கீழே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மேலே, காற்று மெலிந்து அயனிகளாகக் கிடக்கும் அடுக்கு, கலங்கியது. இந்தியாவில் இடிமின்னலைக் கண்டறிய வைத்திருக்கும் கருவிகள் அந்த அதிர்வைப் பதிவு செய்ததாக ஐரோப்பிய விண்வெளி முகமை சொல்கிறது. ஜெர்மனியில் வைத்திருந்த கருவிகள் பல மணி நேரக் கலக்கத்தைக் கண்டன. 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் சீனச் செயற்கைக்கோளிலும் மின்புல மாற்றம் தெரிந்தது. 190 கோடி ஒளியாண்டு தள்ளிச் செத்த ஒரு விண்மீன் நம் காற்றுமண்டலத்தின் மேலடுக்கைத் தொட்டு அசைத்திருக்கிறது.

இதையும் முதலில் அடையாளம் காணத் தவறினார்கள். வெடிப்புகளைத் தேடும் ஸ்விஃப்ட் கோளின் கண்ணில் அது பட்டது ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, நம் நேரம் 7.40-க்கு. பால்வீதிப் பட்டைக்கு அருகே இருந்ததால் நம் மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு எக்ஸ் கதிர் விண்மீன் என்று அறிவித்தார்கள். ஃபெர்மி கோளின் பதிவோடு பொருத்திய பிறகே உண்மை விளங்கியது. ஃபெர்மியின் உணரிகள் உச்சகட்டத்தில் திணறிப்போயிருந்தன. சீனாவின் சிச்சுவான் மலையில் லாசோ ஆய்வகம் ஐம்பது நிமிடத்துக்குள் 64,000-க்கும் மேற்பட்ட மீயாற்றல் ஒளித்துகள்களை எண்ணியது. லடாக்கில் ஹான்லேயின் க்ரோத் இந்தியா தொலைநோக்கி பின்னொளியை அளந்தது. அதன் கண்ணாடி வெறும் 70 செ.மீ., ஆனால் செய்தி வந்ததும் ஆள் தொடாமல் தானே திரும்பிப் பார்க்கும். பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி ஒன்று பூமியை வந்தடையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய வெடிப்புக்கு அதற்கேற்ற பெரிய சூப்பர்நோவா இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பின்னொளி அடங்கும் வரை பொறுத்திருந்து, ஆறு மாதம் கழித்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பீட்டர் பிளான்சர்டின் குழு பார்த்தது. சூப்பர்நோவா இருந்தது. 1998 ஏப்ரலில் பார்த்ததைவிட அது பெரிதாக இல்லை, வழக்கமான அளவுதான். தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய சரிவுகளில்தான் உருவாகின்றன என்று ஒரு கருத்து உண்டு. அந்தத் தனிமங்களின் தடயமும் அங்கே தென்படவில்லை. வெடிப்பின் பிரகாசம் தாரையின் குறுகலால் வந்தது என்று எடுத்துக்கொண்டாலும், தங்கத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பாதி விடை ஏற்கெனவே 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது கிடைத்திருந்தது. அந்த வெடிப்பு நிகழ்ந்த நேரத்தில் பூமி அஸ்ட்ரோசாட்டின் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)